காய்ச்சலின் கதை – 9: பிரேசில் விரட்டிய கொசு

1958ஆம் ஆண்டு, போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் சுகாதார மாநாடு கூடியது. பிரேசிலில் ஏடிஸ் எஜிப்தி கொசு இப்போது இல்லை என்று அங்கே அறிவித்தார்கள். ‘குறைந்திருக்கிறது’, ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்ற வழக்கமான அரசாங்க வார்த்தைகள் எதுவும் இல்லை. ஒன்றுகூட மிச்சமில்லை என்றார்கள். இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு பரப்புள்ள நாடு அது. அங்கே அந்தக் கொசுவின் புழு கடைசியாகக் கிடைத்தது 1955 ஏப்ரல் 2ஆம் தேதி, பாஹியா மாநிலத்தில், சாந்தா தெரெசின்யா என்ற ஊரின் கிராமப்புறத்தில்.

2024ஆம் ஆண்டு அதே பிரேசிலில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, அதே கொசு பரப்பும் டெங்கு வந்தது. 5,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது?

இந்தத் தொடரைத் தொடங்கும்போதே எழுதியாக வேண்டும் என்று குறித்து வைத்திருந்த அத்தியாயம் இது. கொசுவை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, மழைக்காலம் வந்தால் காய்ச்சலும் வரத்தான் செய்யும் என்று நம்மில் பலர் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டோம். செய்ய முடியும். செய்து காட்டியிருக்கிறார்கள். பிறகு கோட்டைவிட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்ற இதழில் ஹவானாவில் நின்றோம். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது இந்தக் கொசுதான் என்று கார்லோஸ் ஃபின்லே 1881இல் சொன்னதும், 1900இல் வால்டர் ரீட் குழு அதை நிரூபித்ததும் நினைவிருக்கும். அந்தச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே வேலையில் இறங்கிய ஊர்களில் ஒன்று ரியோ டி ஜெனிரோ.

அன்றைய ரியோ துறைமுகத்தின் பெயரைக் கேட்டாலே மாலுமிகள் நடுங்குவார்கள். 1890களின் நடுவில் லொம்பார்டியா என்ற இத்தாலியப் போர்க்கப்பல் நல்லெண்ணப் பயணமாக அங்கே வந்து நங்கூரமிட்டது. கப்பலில் 340 பேர். மஞ்சள் காய்ச்சல் புகுந்து 200 பேருக்கும் மேல் வாரிக்கொண்டு போனது. ரியோவில் இறங்காமல் நேராக புவனஸ் ஐரிஸ் போகிறோம் என்று கப்பல் கம்பெனிகள் விளம்பரம் செய்த காலம் அது. 1902இல் மட்டும் அந்த நகரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அந்தக் காய்ச்சலில் இறந்தார்கள்.

மறுவருஷம் ஆஸ்வால்டோ க்ரூஸ் என்ற இளம் மருத்துவர் நாட்டின் பொதுச் சுகாதார இயக்குநராக நியமிக்கப்பட்டார். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் படித்துவிட்டு வந்தவர்; வயது 30. கொசு ஒழிப்புப் படை ஒன்றைத் திரட்டினார். அவர்கள் தெருத்தெருவாகப் போய்த் தொட்டிகளை மூடினார்கள், கூரை நீர்க்கால்களைச் சுத்தம் செய்தார்கள், நோயாளி படுத்திருந்த வீட்டைத் துணியால் மூடிக் கந்தகப் புகை போட்டார்கள். பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன. கேலி நீண்ட நாள் நிற்கவில்லை. 1909இல் ரியோவில் மஞ்சள் காய்ச்சலால் ஒருவரும் இறக்கவில்லை.

ஆண்டுகள் கடந்தன. நோய் போய்விட்டது, ஆட்கள் எதற்கு என்று படை சுருங்கியது. 1928 மே மாதம் ரியோவில் மஞ்சள் காய்ச்சல் மறுபடி வந்தது. இருபது ஆண்டுகளாக அதைப் பார்த்தறியாத நகரம் அது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஃப்ரெட் சோப்பர் கதைக்குள் வருகிறார். 1893இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். ராக்பெல்லர் அறக்கட்டளையின் மருத்துவராக, கொக்கிப்புழு ஒழிப்பு வேலைக்கு 1920இல் பிரேசில் வந்தவர். 1930 முதல் அங்கே மஞ்சள் காய்ச்சல் வேலை அவர் பொறுப்பில் வந்தது.

சோப்பரின் முறையைப் புரிந்துகொள்ள இந்தக் கொசுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏடிஸ் எஜிப்தி சாக்கடைக் கொசு அல்ல. மனிதர் வீட்டில், மனிதர் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் வளர்வது. பகலில் கடிப்பது. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் போகாது. பெண் கொசு முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். பொரித்ததிலிருந்து புழு, கூட்டுப்புழு, கொசு என்று மாறிப் பறக்க வெயில் காலத்தில் ஏழெட்டு நாள் போதும்.

ஆகவே ஒரு வீட்டை வாரம் ஒருமுறை பார்த்துத் தண்ணீரில் உள்ள புழுவை அழித்துக்கொண்டே வந்தால் அந்த வீட்டிலிருந்து கொசு பறக்காது. நகரத்தின் எல்லா வீட்டையும் எல்லா வாரமும் பார்த்தால் நகரத்திலேயே பறக்காது. கணக்கு இவ்வளவுதான். மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை, புதுக் கருவி வேண்டியதில்லை. ஒரு வாரமும் தவறாமல், ஒரு வீடும் விடாமல் பார்க்கும் ஆட்கள் வேண்டும். அரசாங்கங்கள் தோற்கும் இடமும் அதுதான்.

சோப்பர் அந்த ஆட்களை உருவாக்கினார். ஊரை வட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு பணியாளருக்கும் வரைபடம் கொடுத்து, எந்த நாளில் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பணியாளர் உள்ளே போகும் வீட்டு வாசலில் சிறு கொடி ஒன்றைச் செருகி வைப்பார். மேற்பார்வையாளர் தெருமுனையில் வந்து நின்றாலே ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் சுவரில் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். உள்ளே மண்பானை, தகரப் பீப்பாய், பூந்தொட்டி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, ஓட்டைச் சட்டி, கூரை நீர்க்கால், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் குனிந்தும் ஏறியும் பார்ப்பார். புழு கிடைத்தால் சிறு குப்பியில் எடுத்துக்கொள்வார். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்துக்கு எண்ணெய் தடவுவார். அவர் போன பிறகு மேற்பார்வையாளர் அதே வீட்டை மறுபடி பார்ப்பார். அவர் விட்டதைப் பிடிக்க அவருக்கு மேலே இன்னொருவர். அடுத்தவர் கண்ணில் புழு பட்டால் முதல் ஆளுக்குச் சம்பளத்தில் பிடித்தம், அல்லது வேலை போகும்.

அவருடைய கண்டிப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துச் சிதறியது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டிய பணியாளர் செத்திருப்பார் என்று நம்பி, அவர் மனைவிக்கு இரங்கல் சொல்லி அனுப்பினார் சோப்பர். மறுநாள் அந்த ஆள் உயிரோடு வேலைக்கு வந்து நின்றார். சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இல்லை என்பது தெரிந்ததும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்.

வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தால் என்ன செய்வது? 1930இல் ஆட்சியைப் பிடித்த ஜெதூலியோ வர்காஸின் அரசு 1932இல் ஓர் ஆணை போட்டது. மஞ்சள் காய்ச்சல் பணியாளர் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். தண்ணீரில் புழு வளரவிட்டால் அபராதம். இதை எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஏழை வீட்டு அடுப்படிக்குள் அரசாங்கத்தின் ஆள் தன் இஷ்டத்துக்கு நுழைந்து அபராதச் சீட்டு நீட்டுவதை நான் எளிதில் ஏற்க மாட்டேன். ஆனால் அந்த வேலையால் உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அதே ஏழைகள்தான் என்பதையும் மறைக்க முடியாது.

இதைவிடக் கடினமான வேலை இன்னொன்று இருந்தது. உள்நாட்டு ஊர்களில் மருத்துவர் கிடையாது. யாராவது காய்ச்சலில் இறந்தால் அது மலேரியாவா, மஞ்சள் காய்ச்சலா என்று யாருக்குத் தெரியும்? கல்லீரலைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். உடலை அறுக்காமல், சிறு துளையிட்டுக் கல்லீரலில் ஒரு துண்டை எடுக்கும் கருவியை அங்கே உருவாக்கினார்கள். ஊருக்கு ஒருவரை, மருந்துக் கடைக்காரரையோ பதிவாளரையோ, நியமித்துப் பயிற்சி கொடுத்தார்கள். காய்ச்சல் கண்டு பத்து நாளுக்குள் யார் இறந்தாலும் அந்தத் துண்டை எடுத்த பிறகுதான் அடக்கம். இறந்த பிள்ளையின் உடலை யார் தொடவிடுவார்கள்? பல ஊர்களில் அடிதடி நடந்தது. மாதிரி எடுக்கப் போனவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். அப்படிச் சேர்த்த லட்சக்கணக்கான கல்லீரல் மாதிரிகள் ரியோவில், ஆஸ்வால்டோ க்ரூஸ் பெயரில் இருக்கும் நிறுவனத்தில், இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அழுதுகொண்டிருந்த ஒரு குடும்பம் இருந்தது.

அந்த மாதிரிகள் ஒரு கசப்பான உண்மையையும் காட்டின. 1932இல் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தின் ஒரு பள்ளத்தாக்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சல்லடை போட்டுத் தேடியும் அங்கே ஏடிஸ் எஜிப்தி கிடைக்கவில்லை. காட்டில் குரங்குகளுக்குள்ளும் மரப்பொந்துத் தண்ணீரில் வளரும் வேறு கொசுக்களுக்குள்ளும் இந்த வைரஸ் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது பிறகு தெளிவாயிற்று. அப்படியானால் நோயை வேரோடு அழிக்க முடியாது. ஆனால் காட்டிலிருந்து காய்ச்சலோடு வரும் மரவெட்டியைக் கடித்து ஊருக்குள் பரப்ப ஊர்க்கொசு இல்லாமல் செய்யலாம். அதுவரை ஊரில் கொசுவைக் குறைத்தால் போதும், நோய் தானாக நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். சோப்பரின் ஆட்கள் நோட்டுகளைப் புரட்டியபோது சில நகரங்களில் மாதக்கணக்காக ஒரு புழுகூடப் பதிவாகவில்லை என்பது கண்ணில் பட்டது. கொசு குறையவில்லை, தீர்ந்தே போயிருந்தது. எங்காவது வளர்ந்த கொசு ஒன்று பிடிபட்டால், அது வந்த மறைவிடத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் குழு கிளம்பியது. ஒழிக்க முடியும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

1937இல் மஞ்சள் காய்ச்சலுக்கு மாக்ஸ் தைலரின் தடுப்பூசியும் வந்து சேர்ந்தது. நகர்ப்புற மஞ்சள் காய்ச்சல் பிரேசிலில் கடைசியாகப் பதிவானது 1942இல், ஆக்ரி மாநிலத்தின் சேனா மதுரேய்ராவில். இடையில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து வடகிழக்குப் பிரேசிலில் மலேரியாவைக் கொள்ளை நோயாக்கிய அனாஃபிலஸ் காம்பியே கொசுவையும் சோப்பர் 1940க்குள் அங்கிருந்து துடைத்தெறிந்தார். அது தனிக் கதை.

பிரேசில் ஒன்று மட்டும் ஒழித்து என்ன பயன்? எல்லைக்கு அப்பாலிருந்து படகிலும் ரயிலிலும் கொசு வந்துகொண்டே இருக்கும். 1947இல் புவனஸ் ஐரிஸ் கூட்டத்தில் பிரேசில் இதை எழுப்பியது. கண்டம் முழுவதிலும் ஏடிஸ் எஜிப்தியை ஒழிப்பது என்று எல்லா நாடுகளும் தீர்மானம் போட்டன. அதே ஆண்டு சோப்பர் அமெரிக்கக் கண்டச் சுகாதார அமைப்பின் இயக்குநரானார். கையில் டிடிடி பூச்சிக்கொல்லி இருந்தது. தொட்டியின் உட்புறத்திலும் அதைச் சுற்றிய சுவரிலும் டிடிடி தெளித்தால், முட்டையிட வரும் கொசு அங்கேயே விழுந்தது. பொலிவியா 1948இல் விடுபட்டது. ஒவ்வொரு நாடாகப் பட்டியல் நீண்டு, 1962க்குள் 18 நாடுகளும் சில சிறு கரீபியன் தீவுகளும் ஏடிஸ் எஜிப்தி இல்லாதவை ஆயின. அங்கெல்லாம் டெங்குவும் நின்றது. டெங்குவை யாரும் குறிவைக்கவில்லை. ஒரே கொசு என்பதால் அதுவும் கூடவே போயிற்று.

பட்டியலில் சேராத நாடுகள் சில உண்டு. கியூபா, ஹெய்ட்டி, ஜமைக்கா, வெனிசுவேலா. எல்லாவற்றையும்விடப் பெரிது, அமெரிக்க ஐக்கிய நாடு. தீர்மானத்தில் கையெழுத்திட்ட அந்தப் பணக்கார நாடு 1964 வரை வேலையையே தொடங்கவில்லை. ஐந்தாண்டில், 1969இல், பணமில்லை என்று நிறுத்தியும் விட்டது. அந்த ஆண்டு நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாடு அது. ஏழை நாடுகள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டுத் துடைத்த துறைமுகங்களுக்கு டெக்சாஸிலிருந்தும் ஃப்ளோரிடாவிலிருந்தும் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. இதை மறதி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கரீபியன் தீவுகளில் டிடிடிக்குச் சாகாத கொசு 1950களிலேயே தோன்றிவிட்டது. அத்தோடு, ஒழித்து முடித்த நாடுகளில் கேள்வியும் எழுந்தது: இல்லாத கொசுவைத் தேட எதற்கு இத்தனை ஆட்கள்? பணியாளர்களை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அனுபவசாலிகள் ஓய்வு பெற்றபோது அந்த இடங்களை நிரப்பவில்லை. 1967இல் பிரேசிலின் வடக்கே பெலெம் நகரில் ஏடிஸ் எஜிப்தி தென்பட்டது. பதறி எழுந்து 1973க்குள் மறுபடி ஒழித்தார்கள். 1976இல் சால்வடாரிலும் அடுத்த ஆண்டு ரியோவிலும் மீண்டும் தென்பட்டது. இந்த முறை துரத்த சோப்பரின் படை இல்லை. சோப்பர் 1977இல் காலமானார்.

திரும்பி வந்த கொசுவுக்கு நாடே மாறியிருந்தது. 1960இல் பிரேசிலியரில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் நகரங்களில் இருந்தார்கள். 2000இல் பத்தில் எட்டுப் பேர். பிழைக்க வந்தவர்கள் குன்றுச் சரிவுகளில் தகரமும் செங்கலும் வைத்துக் குடியேறினார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது பீப்பாயிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காவிட்டால் குடிக்கத் தண்ணீரில்லை. குப்பை வண்டி மேலே ஏறாது. பிளாஸ்டிக் டப்பாவும் பழைய டயரும் வீட்டோரம் குவிந்து கிடந்தன. அந்த டயர்களுக்குள்ளேயே காய்ந்த முட்டைகள் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர், நாடு விட்டு நாடு போயின.

1981–82இல் வடகோடியில் இருக்கும் போவா விஸ்தா நகரில் டெங்கு வெடித்தது. அதை அடக்கிவிட்டார்கள். 1986இல் ரியோ மாநிலத்துக்குள் வந்த டெங்குவை அடக்க முடியவில்லை. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒருவகை ஒருமுறை வந்து போனவருக்கு வேறுவகை மறுமுறை வந்தால் உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பு கூடும். 1990இல் இரண்டாம் வகை ரியோவுக்கு வந்தது, பத்தாண்டு கழித்து மூன்றாவது, 2010இல் நான்காவது பிரேசிலுக்குள் திரும்பியது. 1996இல் பிரேசில் அரசு ஒழிப்புத் திட்டம் ஒன்றை மறுபடி எழுதியது. கொசு வேலையோடு குடிநீர், கழிவு, குப்பை எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். அதற்கான பணம் வரவில்லை. சில ஆண்டுகளில் ‘ஒழிப்பு’ போய் ‘கட்டுப்பாடு’ வந்தது.

2014இல் அதே கொசு சிக்குன்குனியாவையும் ஏந்தியது. 2015இல் ஜிகா. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து ரெசிஃபி நகர மருத்துவமனைகளில் தலை சிறுத்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பதைக் குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் கவனித்தார்கள். பராய்பா மாநிலத்தின் கம்பினா கிராண்டியில் அட்ரியானா மெலோ என்ற மருத்துவர், இரண்டு கர்ப்பிணிகளின் பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதில் ஜிகா வைரஸ் இருந்தது. நவம்பரில் பிரேசிலும், 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனமும் அவசரநிலை அறிவித்தன. பாதிக்கப்பட்ட தாய்மாரில் பெரும்பாலோர் வடகிழக்குப் பிரேசிலின் ஏழைப் பெண்கள். வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தவர்கள். அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கு இரண்டு, மூன்று பஸ் மாறிச் சிகிச்சைக்குப் போய் வந்தார்கள். பல வீடுகளில் தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

சோப்பரின் வெற்றியைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். அவர் முறை சரி. வாரம் தவறாத கண்காணிப்புக்கு மாற்றாக இன்றுவரை கொசுப்புகை அடிக்கும் எந்த வண்டியும் வந்துவிடவில்லை. ஆனால் அவர் காலத்தில் பானையைக் கவிழ்த்தார்களே தவிர, பானைக்குத் தேவையில்லாமல் செய்யும் குழாயைப் போடவில்லை. குழாய் போட்டிருந்தால், கண்காணிப்பு தளர்ந்த பிறகும் கொசு இவ்வளவு எளிதில் திரும்பியிருக்காது. நோய் இல்லாத ஆண்டில் ஆட்களை வெட்டியது இரண்டாவது தவறு. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், முதலாவதைச் சொல்வேன்.

மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்கு இதுவரை வந்ததில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்களிடம் விமான நிலையத்தில் அந்தத் தடுப்பூசிச் சான்று கேட்பதற்குக் காரணம், அதைப் பரப்பும் கொசு இங்கே ஏராளமாக இருப்பதுதான். டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் நம் ஊரில் அறிமுகம் தேவையில்லை. கையில் டார்ச்சும் அபேட் மருந்துமாக வீட்டுக்கு வீடு வந்து, மாடித் தொட்டியை எட்டிப் பார்த்து, தேதி குறித்துவிட்டுப் போகும் கொசு ஒழிப்புப் பணியாளரைப் பார்த்திருப்பீர்கள். அவர் செய்வது ரியோவின் தெருக்களில் சோப்பரின் ஆட்கள் செய்த அதே வேலை. பெரும்பாலும் தற்காலிக வேலை, தினக்கூலி. மழைக்காலம் முடிந்ததும் வேண்டாம் என்று அனுப்பிவிடும் ஊர்களும் உண்டு. அடுத்த முறை அவர் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர் ஏன் வரவில்லை என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். குழாயில் தண்ணீர் தினமும் ஏன் வரவில்லை என்பதையும் அப்போதே சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த இதழில்: கியூபா, 1981.

(தொடரும்)